இடது இறக்கையின் அடிப்பக்கம்

அரை மீட்டர் உயரத்துக்கு எழுத்து வெட்ட முடியுமா என்று
லாஸ்பேட்டை ஏர்போர்ட்டிலிருந்து போன் வந்தபோது
நான் ஒரு ஷேர் ஆட்டோவின் முதுகில்
'ஆரோக்கியமாதா துணை' ஒட்டிக்கொண்டிருந்தேன்.
முடியும் என்றேன்.
முடியாது என்று சொல்லிச் சொல்லி
யாரும் சாரத்தில் கடைவாடகை கட்டியதில்லை.

ஷெட்டுக்குள் இன்ஜின் இல்லாத விமானம்.
உடம்பு தனி, இறக்கை தனி.
இடது இறக்கை மட்டும்
இரண்டு மரமுக்காலி மேல்
வயிறு தெரியக் கிடந்தது,
வஞ்சிரத்தைப் புரட்டிப் போட்ட மாதிரி.

'தரையில் நிற்பவன் படிக்கணும்' என்றார்
அதை ஓட்டும் ஹம்சவர்த்தினி மேடம்.
'எழுத்தின் தலை
இறக்கையின் முன்விளிம்பைப் பார்த்து இருக்கணும்.
முதலில் பழசை எடுங்க.'

பழசு: எஃப், ஒரு கோடு, இன்னும் நாலு எழுத்து.
எஃப் என்றால் பிரான்ஸாம்.
தெரியும் மேடம் என்றேன்.
எங்கள் தெருவில்
அது கைக்குழந்தைக்கும் தெரியும்.

ஹேர் டிரையர், கை பொறுக்கும் சூட்டில்.
அதற்கு மேல் போனால் உள்ளே பிசின் இளகிவிடும்.
ஓரத்தை நகத்தால் நெம்பி
மேல்நோக்கி இழுக்காமல்
தாழ்வாக, பின்பக்கமாக,
தூங்குகிறவன் மேலிருந்து போர்வையை எடுப்பதுபோல.
அவசரப்பட்டால் வினைல் வந்துவிடும், பசை நிற்கும்.
தின்னர் கூடாது.
தேங்காயெண்ணெய், பழைய பனியன்,
அப்புறம் சோப்புத் தண்ணீர்.
மதியத்துக்குள் ஆறு துண்டும்
தரையில் சுருண்டு கிடந்தன.

இறக்கையில் எழுத்து அப்படியே இருந்தது.

அந்த ஊரில் யாரோ இறக்கையைக் கழற்றி
வயிறு மேலாக வருஷக்கணக்கில் வெளியே போட்டிருக்கிறார்கள்.
வெயில் பட்ட இடமெல்லாம் மஞ்சள்.
ஸ்டிக்கர் காத்த இடம் மட்டும்
வாங்கின அன்றைய வெள்ளை.
அழுக்கென்றால் துடைக்கலாம்.
சுத்தத்தை எதை வைத்துத் துடைப்பது?

இரண்டு நாள் பாலிஷ் போட்டேன்.
தோள்பட்டை தேய்ந்தது.
மேடம் சொன்னார்:
'வெயில் செய்ததை வெயிலே முடிக்கட்டும்.'

கத்திரி. பதினோரு நாள்.
கடை மூடியதும் தினம் போய்ப் பார்த்தேன்,
கூலி இல்லாத வேலை.
என்சிசி பையன்கள் இறக்கையைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள்.
ஒரு காக்கை அதில் நடந்து பார்த்துவிட்டுக்
கால் சுட்டுப் பறந்தது.
கோடு முதலில் போனதாக எனக்குத் தோன்றியது.
எல்லாம் ஒன்றாகத்தான் போகிறது என்றார் மேடம்.

இதைச் சொல்ல வேண்டியதில்லை, சொல்கிறேன்:
என் சிவப்பு ஸ்கூட்டரின் முகப்பில்
நானே வெட்டி, நானே ஒட்டி, நானே உரித்த
சவரிநாதன்.
மற்ற இடமெல்லாம் வெளுத்துவிட்டது.
பெயர் இருந்த இடம் இன்னும் சிவப்பு.
பாரிஸுக்குப் பக்கத்தில் ஏதோ ஊரில் இருக்கிறார்.
எங்கே போனாலும்
வண்டியை நிழலில்தான் நிறுத்துகிறேன்.
சீட்டு கிழியாது என்று
கேட்பவர்களிடம் காரணம் சொல்வேன்.

பன்னிரண்டாம் நாள் புதுசு: வி, டி, கோடு, மூன்று எழுத்து.
சோப்புத் தண்ணீர் தெளித்து
எழுத்தை அதன்மேல் மிதக்கவிட்டு
நடுவிலிருந்து ஓரத்துக்கு வழித்தேன்.
டி-யின் வயிற்றில் ஒரு குமிழி.
ஊசியை எடுத்ததும் மேடம் போட்ட சத்தத்தில்
புறாக்கள் ஷெட்டைக் காலி செய்தன.
கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனேன்
காற்று விளிம்பில் வெளியேறும்வரை.

பில்:
எழுத்து ஒட்டியது, எழுத்து எடுத்தது.
வெயிலுக்குத் தொகை போடவில்லை.

பறந்த அன்று மதில் ஓரம் நின்றேன்.
கயிறு இழுத்தது, விட்டது.
சத்தமே இல்லை.
அண்ணாந்து படித்தேன்.
நம்மை நோக்கி வரும்போது நேராகத் தெரிகிறது எழுத்து.
தாண்டிப் போனதும் தலைகீழ்.
மற்றபடி இறக்கையில்
வேறெதுவும் எழுதியிருக்கவில்லை.

திரும்பி வந்தால்
பூவரச நிழல் நகர்ந்துபோயிருந்தது.
ஸ்கூட்டரின் முகப்பு முழு வெயிலில்.
சீட்டில் கைவைத்தேன், சுட்டது.
சாவியைத் திரும்பப் பையில் போட்டேன்.
ஒரு இளநீர் குடித்துவிட்டு வரலாம்.
வழுக்கையாகக் கேட்டால்
வெட்டித் தர நேரமாகும்.